குடிக்கத் தகுந்த தண்ணீர்

அரசு வக்கீல் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கலாம். ஆனால் ஒரு வேலையில் இருக்கும்போது மற்றதன் நினைவு இருக்கக் கூடாது. நினைவூட்டுகிறவருக்குச் சிறை. அதனால் பள்ளி வாசலில் காவலாளி நெற்றியில் கருவியை வைத்ததும் மதுரவல்லிக்குக் கோர்ட்டே மறந்துபோனது.

கணவன் சுந்தரபாண்டி வாயைத் திறக்காமல் அவள் பின்னால் உள்ளே போனான். பள்ளித் தொட்டித் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று காலையில் கோர்ட்டில் வாதாடி ஜெயித்தவளே அவள்தான்.

கூட்டத்தில் மதுரவல்லி அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அடியில் புழு நெளிந்தது.

"இதைக் குடிக்கலாம்னு ஒருத்தன் வாதாடியிருக்கானே, அவனெல்லாம் மனுஷனா? அவன் வீட்ல புள்ளகுட்டி இல்லையா?"

பெற்றோர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

காலையிலிருந்து வாந்தியெடுத்துத் துவண்டு, அப்பாவின் மடியில் கிடந்த மகள் தலையைத் தூக்கினாள். "நான் இருக்கேனேம்மா..."

சுந்தரபாண்டி சட்டென்று அவள் வாயைப் பொத்தினான். உள்ளங்கையெல்லாம் வாந்தி நாற்றம்.