கண்ணாடிக்குள் இருப்பவள்

சேவியருக்குப் பார்வை மங்கிய நாளிலிருந்து அவருக்குக் கண் பிலோமினாதான். பஸ் போர்டைப் படித்துச் சொல்வாள். மீனின் செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். கோயில் வாசலில் எதிரே வருவது யாரென்று புருஷன் காதோடு சொல்வாள். மகள் வாங்கி அனுப்பிய பேசும் மூக்குக்கண்ணாடி வந்ததும் அந்த வேலையெல்லாம் அவள் கையைவிட்டுப் போயிற்று. எதிரே இருப்பதையெல்லாம் கண்ணாடியின் பெண்குரல் அவர் காதுக்குள் சொல்லிவிடும். பிலோமினாவுக்கு அது கேட்காது.

அன்று மீன் சந்தையில் அவர் தமக்குள் சிரித்தார்.

“எதுக்குச் சிரிக்கீக?”

“ஒரு பூனை சாளை மீனத் தூக்கிட்டு ஓடுற அழகச் சொல்லுதா.”

‘சொல்லுது’ என்றிருக்கலாம். ஒரு பெண்ணைச் சொல்வதுபோலச் ‘சொல்லுதா’ என்றார். அந்த ஒரு சொல் வீடுவரை அவளை அரித்தது.

சோறு போடும்போது கேட்டே விட்டாள். “நானும் எத்தனை வருசமாச் சொன்னேன். ஒருநாளாவது இப்படிச் சிரிச்சிருப்பீகளா?”

அவள் சத்தமில்லாமல் அழுதபடியே குழம்பை ஊற்றினாள். அவர் முன்னால் அப்படி அழுவது அவளுக்குப் பழக்கம்தான். தெரியவா போகிறது என்ற தைரியம்.

சேவியர் சோற்றில் கை வைக்கவில்லை. “ஏன் அழுற?” என்றார்.

அகப்பை அப்படியே நின்றது. “அதையும் அவதான் சொன்னாளோ?”

“ஆமா.” கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் முகம் இருக்கும் பக்கம் திரும்பினார். “நீ எல்லாத்தையும் சொன்ன, பிலோமி. இத மட்டும் சொன்னதே இல்லையே.”