சுவரோரத்து வெள்ளரி

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டோர்ஸ் அக்கா வழக்கம்போல வாளியோடு வந்தாள். ஆபீஸ் முழுக்க மிச்சமான பழத்தோலும் காய்த்தோலும் அதில் விழுந்தன.

"எங்க குப்பைதான் உங்களுக்கு உரம். ஆனா, திரும்பி வர்ற வெள்ளரிக்கா தேனா இனிக்குதே!" என்றார் மேனேஜர், மூன்றாவதைக் கடித்தபடி. "எங்கேம்மா போட்டிருக்கீங்க?"

"வீட்டுக்காரர் வேலை பாக்குற இடத்துல சார், சுவரோரமா. யாரும் மிதிக்க மாட்டாங்க. அமைதியான இடம்."

"அவர்கிட்ட சொல்லி எனக்கும் அங்க சின்னதா ஒரு இடம் பாத்துக் குடுங்களேன். ஆறடி போதும்."

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ, வாயக் கழுவுங்க சார்!" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

'ஒரு துண்டு மண்ணுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா?' மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளுடைய பணிக் கோப்பைப் புரட்டி, கணவர் வேலை பார்க்கும் இடம் என்று போட்டிருந்த கதவு எண்ணையும் தெருவையும் குறித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை, பாதி கடித்த வெள்ளரியோடு காரை ஓட்டினார். "எனக்குத்தாங்க, எனக்கேதான் இடம் வேணும்" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இரும்புக் கேட் திறந்தே இருந்தது. உள்ளே சுவரோரம் வெள்ளரிக்கொடி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அதைத் தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, வரிசை வரிசையாகக் கல்லறைகள்.

மேனேஜரின் வாயிலிருந்த வெள்ளரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்த மனிதர், பழகிப்போன பரிவோடு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"மனசத் தேத்திக்குங்க சார். யாருக்கு இடம்?"