வெள்ளிக்கிழமைக்குள்

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்னு நீதானே சொன்ன—"

"சொன்னேம்மா. குறுக்க பாறை வரும்னு நான் என்ன கனவா—"

"போன மாசமும் பாறை, இந்த மாசமும் பாறை!"

கெர்டா போட்ட கூச்சலில் துளையிடும் எந்திரத்தை ஓட்டுகிறவன்கூட இறங்கி வந்துவிட்டான். மேற்பார்வையாளன் ரூனே ஆறிப்போன காபியைப் பனியில் கொட்டினான். உறைந்த ஏரிக்கு அடியில் துளை போட்டு, அக்கரையிலிருந்து இக்கரை வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் கொண்டுவர வேண்டும். துளைமுனை மூன்றாம் முறையாக முறிந்திருந்தது.

"உங்க வீட்டுல கூரை வரைக்கும் விறகு அடுக்கி வெச்சிருக்கீங்க. குளிர்ல விறைச்சா போயிடப் போறீங்க?"

"விறகைப் பத்தி உன்கிட்ட கேட்டேனா? வெள்ளிக்கிழமை சூடு வருமா, வராதா?"

"வராது. புது முனை வரவே ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு தடவை கெஞ்சித் தேதியைத் தள்ளிப் போட்டேன்பா. இதுக்கு மேல சட்டம் விடாதாம்."

"எந்தத் தேதி?" ரூனேவுக்குப் பொறுமை போயிற்று. "ஏம்மா, இந்தத் தண்ணியைக் காய வைக்கிற அக்கரைத் தகனக்கூடத்து உலை அணைஞ்சா போயிடும்? தினமும் யாரையாவது எரிக்கத்தானே போறாங்க. அந்தச் சூடு அடுத்த மாசம் உங்க வீட்டுக்கு வரும்."

கெர்டா கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரரை எரிக்கிறாங்க, தம்பி. ஒரு சுள்ளியைக்கூட வீணாக்க விடாத மனுஷன். அவரு சூட்டை ஆகாசத்துக்கா விடச் சொல்ற?"