தட்டின் இடப்பாதி

பக்கவாதம் மூளையின் வலப்பக்கத்தைத் தாக்கினால், கண் நன்றாக இருந்தும் சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமற்போகும். எத்தாளைக் கிராமத்து மீனவர் நிக்கொலஸ் தட்டின் வலப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "முடிஞ்சுது" என்பார். மகள் ஜெசிக்கா தட்டைத் திருப்பி வைப்பாள். மீதி அப்போதுதான் அவருக்குத் தெரியும். திருப்பாமலே அவர் மொத்தமும் உண்ணும் நாளுக்காக அவள் காத்திருந்தாள்.

அந்த நாள் வந்தது. தட்டு முழுதும் காலி. இடப்பக்க ஓரத்தில் மீன்முட்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

முன்னேற்றத்தை அளக்க, தொழில்வழிச் சிகிச்சையாளர் தவமலர் ஒரு பூ வரையச் சொன்னார். நிக்கொலஸ் வலப்பக்க இதழ்களை மட்டுமே வரைந்தார்.

"அப்ப இடப்பக்கச் சோத்த ஆர் சாப்பிட்டது, அப்பா?"

"எனக்கென்ன தெரியும், மகள்?" அவர் சிரித்தார். "ஆனா இப்ப தனியச் சாப்பிடுற மாதிரி இல்ல."

அன்றிலிருந்து ஜெசிக்கா இடப்பக்கத்துக்கு இன்னொரு பாரை மீன் துண்டு வைக்கிறாள். தட்டைத் திருப்புவதில்லை. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அது மரியாதையில்லையே.