விழுந்த ரொட்டி

ஊரடங்கில் அல்ஜியர்ஸ் வாயடைத்துக் கிடக்கிறது. அதனால் எதிர்வீட்டில் விழும் அடி என் சமையலறைவரை கேட்கிறது. இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே ஒரு துணிக்கொடி அளவுதான் தூரம். டாக்சி ஓட்டும் லஸ்ஹர் ரவைக்காக வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான். முகக்கவசத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை. வீட்டில் மிஞ்சிய ரவையில் அவன் மனைவி வர்தியா சுட்ட ரொட்டி அடிப்பக்கம் கரிந்துவிட்டது. "இருந்ததே அவ்வளவுதான்டி! கண்ண எங்கடி வச்சிருந்த?" மறுபடியும் அடிக்கிறான். மேசை சரிகிறது, தட்டு உருண்டு சுவரில் மோதுகிறது. வர்தியா விழுகிறாள், ரொட்டியும் விழுகிறது. உதட்டு ரத்தம் அவளுடைய மாவு படிந்த கையில் சொட்டுகிறது. லஸ்ஹரின் ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கிறது. அவன் குனிகிறான். முகக்கவசத்தை ஒற்றை விரலால் தாடைக்கு இறக்கிவிட்டு, ரொட்டியை எடுத்து, தூசியை ஊதி, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றிக்கொள்கிறான். யார் காலும் பட்டுவிடக் கூடாதென்று அதை ஜன்னலுக்கு வெளியே திட்டில் வைக்கிறான்.

"படுபாவி, ரொட்டியத் தூக்குன கையால அவளையும் தூக்குடா!" என்று கத்துகிறேன். அவன் முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொள்கிறான். "ஜன்னலச் சாத்திக்குங்கக்கா," என்கிறான், கூடப்பிறந்த தம்பிபோலப் பணிவாக. "வெளிக்காத்து இப்ப நல்லதில்ல." அவன் வீட்டு ஜன்னலின் மரக்கதவு மூடுகிறது, தாழ்ப்பாள் விழுகிறது. உள்ளே மறுபடியும் அந்தச் சத்தம். வெளியே, மாலை வெயிலில், ரொட்டி பத்திரமாக இருக்கிறது.