கரண்டிச் சத்தம்

“அப்பாவே போய்ட்டார். இனி அம்மா தனியா எதுக்கு? வீட்டை வித்துடலாம்” என்று வீடியோ காலில் ஆரம்பித்தான் மூத்தவன்.

“அம்மாவை ஆளுக்கு ஆறு மாசம் வச்சுக்கலாம்” என்றான் இளையவன்.

டங்... டங்...

திரையில் அம்மாவின் முகம் பெரிதாக வந்தது. கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது, சின்னப்புள்ள மாதிரி? காது கிழியுது!” மூத்தவன் அம்மாவை மியூட் செய்தான். அப்புறம் பேச்சு மளமளவென்று முடிந்தது.

தங்கை அப்போதுதான் வீடியோ காலில் சேர்ந்தாள். “அம்மா என்ன சொன்னாங்க?”

“மறுப்பு ஒண்ணும் இல்ல. மௌனம்னா சம்மதம்தானே?”

“தட்டைத் தட்டினாங்களா?”

“விடாம! அதான் மியூட் போட்டேன்.”

“ஐயோ அண்ணா! வீடியோ கால்ல யார்கிட்டேர்ந்து சத்தம் வருதோ, அவங்க முகம்தான் பெருசா வரும். தட்டச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஆனா கரண்டியைக் கீழ வச்சாத்தானே அவங்க கையால பேச முடியும்? அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்தா முகம் போயிடும். பிறவியிலேயே வாய் பேச முடியாதவங்க மௌனத்தையா சம்மதம்னு எடுத்துக்கிட்டே?”

அம்மாவின் கை சொல்வதை இத்தனை வருஷமும் வாயால் சொல்லி வந்தவர் அப்பா.

மூத்தவன் பதறிப்போய் அம்மாவின் சின்னப் படத்தைத் தேடிப் பெரிதாக்கினான். “இப்ப சொல்லும்மா, பார்க்கிறேன்.”

கரண்டி தட்டில் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்த அம்மாவின் கைகள் மடியில் கிடந்தன. அவை பேசவில்லை.