கோட்டுப் பட்டன்

அப்பா சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் பார்க்க வந்த மகள் அதைக் கண்டாள். ஓடிப்போய் தானே போட்டுவிட்டாள். பட்டனா அது? கோட்டில் வைக்கிற பெரிய பட்டனை யாரோ சட்டையில் தைத்திருந்தார்கள். அப்பா ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்ததும் முதல் மூன்று மாதம் அவர் மகள் வீட்டில்தான் இருந்தார். ஒரு டம்ளரைத் தூக்க விட்டிருப்பாளா? ஊட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள். அப்புறம் அண்ணன் இங்கே கூட்டிவந்தான். இங்கே பட்டாணி உரிக்க வைக்கிறார்களாம். கட்டைவிரல் காய்த்தே போயிருந்தது.

"உங்கப்பாவா இருந்தா இப்படி நிப்பீங்களா அண்ணி?"

அண்ணி பட்டாணிக் கிண்ணத்தை அப்பாவின் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னைக்கே அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்." மகள் அப்பாவின் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து பிசியோதெரபிஸ்ட் வந்தார். நாலு மாதமாக இங்கே வருகிறவர். டேப்பை அப்பாவின் கையில் சுற்றி அளந்து, இன்றுதான் கையில் கிடைத்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் குறித்தார்.

"ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கு."

"வீக்கமா சார்?" மகள் பதறினாள்.

"சதைம்மா. உடம்பு ரொம்பக் கறாரான ஆளு. வேலை செய்யாத தசைக்கு எதுக்குத் தீனின்னு அதுல இருக்கிற செல்லையெல்லாம் இளைக்க விட்டுடும். வேலை கொடுத்தா பழையபடி தடிக்கும். தோலும் அப்படித்தான், உரசுற இடத்துல காய்ச்சுப்போயிடும். அடிபட்டாலும் சமாளிச்சுக்கப் பார்க்கும்."

பட்டாணி அவர் சொன்ன பயிற்சியாம். பட்டன் அண்ணியின் யோசனை. விரல் பழகப் பழக மாதாமாதம் சட்டையில் இன்னும் சின்ன பட்டனாக மாற்றித் தைக்கிறாளாம்.

மகளின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவர் சீட்டின் மேல்வரிகளுக்குப் போனார். முகம் சுருங்கியது. "நான் வர்றதுக்கு முன்னாடி மூணு மாசமும் ஆஸ்பத்திரியில எடுத்த அளவு இறங்கிட்டே வந்திருக்கு. இன்னும் ரெண்டு மாசம் அப்படியே விட்டிருந்தா இந்தக் கையை மறந்துட வேண்டியதுதான். யார் இவரை அசையவே விடாம வச்சிருந்தது?"

மகள் பையிலிருந்து கையை எடுத்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றாள் அண்ணி.